இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது?

(நாகர்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று இந்த நாகர்கோவிலில்தான் தொடங்கியது. பாட்டுக் கேட்பது எப்படி என்று நாஞ்சில் நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்க் கோவிலில் கொடைவிழா வந்தால் விடிய விடிய வில்லுப்பாட்டு. தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ஆண்டுதோறும் ராத்திரி முழுவதும் பாடுகிறார்கள். தேவாலயங்களில் கீர்த்தனைகள். கிழக்கே திரும்பினால் தமிழ்ப் பாட்டு, மேற்கே திரும்பினால் மலையாளப் பாட்டு. 1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி இசை நிறுவனத்தின் கேசட்டுகள் நம் வீடுகளிலும் ஒலித்தன. இவ்வளவு கேட்கும் நாம், பாட்டை எப்படி வாங்குவது என்று கூடி உட்கார்ந்து பேசியது குறைவு. இன்று அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பாட்டை வாங்க நினைப்பவர் மூன்று விஷயங்களை எடைபோடுகிறார். ஒலி நன்றாக இருக்குமா? விலை கட்டுபடியாகுமா? சட்டத்துக்கு உட்பட்டதா? இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல ஒலி வேண்டுமென்றால் செலவு கூடும், சட்டப்படி போனால் இன்னும் கூடும், சும்மா கிடைப்பதை எடுத்துக்கொண்டால் எல்லாம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? எந்த மூலப் பதிவிலிருந்து, யார் கை வழியாக, எத்தனை முறை நகலாகி நம்மிடம் வந்து சேர்ந்தது? இதற்கு விடை தெரிந்தால் ஒலியைப் பற்றியும் விலையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். எண்பதுகளில் ஒவ்வொரு ஊர்ச் சந்திப்பிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்றுக் கேசட்டையும், ஒரு தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுப்போம். இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். நல்ல கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து நேராகப் பதிவார். மற்றவர் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவார். காந்த நாடாவில் ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும், மேல் சுருதிகள் மங்கும். அன்றைய கேட்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் “தட்டிலிருந்து பதிகிற கடை” என்று தேடிப் போனார்கள். மூலம் எது என்று கேட்கும் பழக்கம் அன்று நம்மிடம் இருந்தது.

பிறகு செல்போன் கடைகள் வந்தன. மெமரி கார்டை நீட்டி “பாட்டு ஏத்தித் தாங்க” என்றால் போதும், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் ஏறிவிடும். வண்டிக்குப் பென் டிரைவ், மினி பஸ்ஸுக்குப் பென் டிரைவ், கடலுக்குப் போகும் விசைப்படகுக்கும் பென் டிரைவ். அந்தக் கோப்புகள் எங்கிருந்து வந்தன என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மூலத்தைக் கேட்கும் பழக்கம் அங்கேதான் அறுந்தது. டிஜிட்டல் என்றால் நகலெடுத்தாலும் தேயாது என்று நம்பியதும் அதற்கு ஒரு காரணம். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

முதலில் ஒலியைப் பார்ப்போம்.

1982இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க், ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதிவைக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லை முழுவதையும் சி.டி. அடக்கிவிடுகிறது. 4 நிமிடப் பாட்டு ஒன்றுக்குச் சுமார் 42 மெகாபைட் இடம் பிடிக்கும்.

தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்த காலத்தில் இதை அனுப்புவது நடக்காத காரியம். அதற்குத் தீர்வாக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தாரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் எம்பி3. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலியைக் காது தவறவிடும். அப்படிக் காது தவறவிடுவதைக் கோப்பிலும் விட்டுவிடலாம் என்பது அதன் அடிப்படை. 128 கிலோபிட் எம்பி3 அதே பாட்டை 4 மெகாபைட்டுக்குள் அடக்குகிறது. 320 கிலோபிட் என்றால் 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இதில் விட்டது விட்டதுதான், திரும்ப வராது. ஃபிளாக் என்ற இன்னொரு வகை 2001இல் வந்தது. அது எதையும் விடாமல், எழுதும் முறையை மட்டும் சுருக்கி, சி.டி.யின் அளவில் ஏறத்தாழ பாதிக்குக் கொண்டுவருகிறது. விரித்தால் மூலம் பிட் பிசகாமல் திரும்பக் கிடைக்கும்.

இந்த வேறுபாடு நம் காதுக்குத் தெரியுமா? நம் ஊர் இசையை வைத்தே சொல்கிறேன். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஒரு துண்டு சுமார் 26 மில்லிவினாடி. அந்தத் துண்டுக்குள் திடீரென ஒரு கூர்மையான தட்டல் வந்தால், சுருக்குவதால் உண்டாகும் பிழை துண்டு முழுவதும் பரவும். தட்டல் விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே ஒரு கசிவு கேட்கும். எம்பி3ஐ வடிவமைத்தவர்கள் காஸ்டனெட் என்ற ஸ்பானியச் சப்ளாக்கட்டையின் ஒலியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இதற்காகவே. இப்போது வில்லுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். வில்லில் வரிசையாகக் கட்டிய மணிகள், வீசுகோல் விழும்போது எழும் கலகலப்பு, ஜால்ரா, கட்டை. எல்லாமே கூர்மையான தட்டல்கள். குறைந்த கிலோபிட்டில் சுருக்குபவனுக்கு மிகக் கடினமான இசைகளில் ஒன்று நம் வில்லுப்பாட்டு! சினிமா மெல்லிசை தாங்குகிற சுருக்கத்தை அது தாங்காது. மணி ஒலி மணலைத் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். இன்னொரு பக்கம் குடத்தின் ‘கும்’ என்ற அடி. அது தாழ்ந்த ஒலி. கோப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்போனின் சிறு ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது.

ஆகவே ஒலியைப் பற்றி என் கருத்து இது. 128 கிலோபிட்டை விட்டு வெளியே வாருங்கள். ஏஏசி என்ற இன்னொரு சுருக்க வடிவில் 256 கிலோபிட், அல்லது எம்பி3யில் 320 கிலோபிட், அன்றாடம் கேட்கப் போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலானவர்களால் வேறுபாடு சொல்ல முடிவதில்லை என்று, எது எதுவென்று தெரிவிக்காமல் செய்த கேட்புச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த கோப்புகளுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள், வேறுபாடு உடனே தெரியும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும்போது ஒலி மறுபடியும் ஒருமுறை சுருக்கப்படுகிறது.

ஃபிளாக் யாருக்கு? பாதுகாத்து வைக்க நினைப்பவருக்கு. பத்து ஆண்டு கழித்துப் புதிய வடிவம் எது வந்தாலும் ஃபிளாக்கிலிருந்து இழப்பில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். 64 ஜிகாபைட் கார்டு ஒன்றில் ஃபிளாக் பாட்டுகள் 2,500 அளவுக்குக் கொள்ளும். இடம் இன்று ஒரு தடையே இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோப்பின் பெயரில் ஃபிளாக் என்று இருப்பதாலேயே அது ஃபிளாக் ஆகிவிடாது. 128 கிலோபிட் எம்பி3 ஒன்றை எடுத்து ஃபிளாக்காக மாற்றிப் பெரிய கோப்பாகத் தர யாராலும் முடியும். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடாது. இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து அதன் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அது ஒரு காலத்தில் 128 எம்பி3 ஆக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். திருட்டுத் தளங்களிலும் மெமரி கார்டுகளிலும் சுற்றும் கோப்புகளில் இப்படிப்பட்டவை ஏராளம். ஒருவர் 128இல் எடுத்ததை இன்னொருவர் 320 ஆக்குகிறார், மூன்றாமவர் அதை யூடியூபில் ஏற்றுகிறார், நான்காமவர் அங்கிருந்து இறக்குகிறார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் போய்விடுகிறது. கேசட்டுக் காலத்து இரைச்சல் காதுக்குத் தெரிந்தது. இந்தத் தேய்மானம் எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒலியை மட்டும் பார்த்தாலும், ஊர்பேர் தெரியாத கோப்பை நம்ப முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

பழைய பாட்டுகளுக்குத் தனியாக ஒரு சொல். 78 சுழற்சி அரக்கு இசைத்தட்டில் பதிந்த பாட்டை எவ்வளவு பெரிய கோப்பாக வாங்கினாலும் தட்டில் இல்லாதது கோப்பில் வராது. அங்கே கேட்க வேண்டியது வேறு. எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்கள்? இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் உயிரையும் சேர்த்து நீக்கிவிட்டார்களா? எதிரொலி சேர்த்தார்களா? மிதமாகத் துப்புரவு செய்த 256 கிலோபிட் கோப்பு, கெடுத்துவைத்த ஃபிளாக்கை விட எவ்வளவோ மேல்.

அடுத்தது விலை.

இரண்டு நிறுவனங்களின் கதையைச் சொன்னால் விலையின் பொருள் விளங்கும். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாத எம்பி3 கோப்புகளைச் சில ரூபாய்களுக்கு விற்றது. 2013 ஜூனில் மூடிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் திருட்டுக் கோப்புகளோடு போட்டி போட முடியவில்லை. ஆறு ரூபாய், பத்து ரூபாயை இணையத்தில் வசூலிக்க எளிய வழியும் அன்று இல்லை. இன்னொன்று ஏர்டெல்லின் விங்க் மியூசிக். சந்தா கட்டிக் கேட்கும் சேவை. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். 2024இல் அதையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். இரண்டும் மூடப்பட்டன. ஆனால் ஃபிளைட்டில் வாங்கியவரிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. விங்கில் ‘டவுன்லோடு’ செய்து வைத்தவரிடம், செயலி போனபோது பாட்டும் போய்விட்டது.

சந்தா என்பது வாடகை. வாடகை தவறானது என்று நான் சொல்லவில்லை. மாதம் 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,440, பத்து ஆண்டுக்கு 14,400. பாட்டுக்கு 15 ரூபாய் என்று அதே தொகைக்குக் கோப்புகளாக வாங்கினால் 960 பாட்டுகள் நிரந்தரமாக நம்முடையவை. தினம் புதிய பாட்டு தேடும் இளைஞருக்குச் சந்தா பொருத்தம். நூறு, இருநூறு பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்கும் பெரியவருக்கு விலைக்கு வாங்குவதே லாபம். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் சரிகம நிறுவனம் 2017இல் கேரவான் கருவியைக் கொண்டுவந்தது. பிறகு தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. பாட்டும் கருவியும் உரிமையும் ஒரே விலையில் அடங்கியதால், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்தார்கள்.

விலைக்கு வாங்கும் இடங்கள் இன்று குறைந்துவிட்டன என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பூட்டில்லாத 256 கிலோபிட் ஏஏசி கோப்புகளை விற்றது. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞரே தன் இசையைப் போட்டு விற்கலாம். வாங்குகிறவர் எம்பி3யாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஃபிளாக்காகவும் எடுத்துக்கொள்ளலாம். விரும்பினால் குறித்த விலைக்கு மேலும் தரலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீத அளவே எடுத்துக்கொள்கிறது. சுயாதீன இசைக்குழு ஒன்றின் பாட்டு பிடித்திருந்தால் முதலில் அங்கே தேடுங்கள். நல்ல சி.டி. கிடைத்தால் அதையும் வாங்குங்கள். ஒருமுறை ஃபிளாக்காக எடுத்து வைத்துக்கொண்டால் அதைவிட நம்பகமான மூலம் வேறு இல்லை.

ஃபிளைட் மூடிய காலத்தில் இல்லாத ஒன்று இன்று நம் கையில் இருக்கிறது. 2016இல் வந்த யுபிஐ. வடசேரிச் சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாவுக்கும் பத்து ரூபாயை நொடியில் அனுப்ப முடிகிறது. ஒரு பாட்டுக்குப் பத்து ரூபாய் வசூலிக்க வழியில்லை என்ற காரணம் இனிச் செல்லாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கே வரப்போகிறேன்.

மூன்றாவது, சட்டம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாடல் வரிகளுக்கு ஒன்று. மெட்டுக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்கு ஒன்று. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று ஒன்று. வரியும் மெட்டும் ஆக்கியவரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுக்கும் காக்கப்படுகின்றன. ஒலிப்பதிவு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு காக்கப்படுகிறது.

இதை நம் ஊரை வைத்துப் பார்ப்போம். வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் 1900இல் மறைந்தார். தேரூர்க் கவிமணி 1954இல் மறைந்தார். இவர்கள் எழுதியவை இன்று எல்லோருக்கும் சொந்தம், யாரும் பாடலாம், யாரும் பதியலாம். ஆனால் நீலகண்ட சிவனின் கீர்த்தனையை ஒரு பாடகி சென்ற ஆண்டு பாடி வெளியிட்டிருந்தால், அந்தப் பதிவு எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான ஒலிப்பதிவுகளின் காலம் 2017இன் இறுதியோடு முடிந்துவிட்டது. 1964இன் இறுதிவரை வெளியான பதிவுகள் எல்லாம் 2025 பிறந்தபோது பொதுச்சொத்தாகிவிட்டன. அதில் ‘கர்ணன்’ படப் பாட்டுகளும் அடங்கும். பதிவுக்குக் காலம் முடிந்தாலும் அதே பாட்டின் மெட்டுக்கு முடியவில்லை. அந்தப் படத்துக்கு இசையமைத்தவர்களில் ஒருவரான எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல். அந்தக் கணக்கில் மெட்டின் உரிமை 2075 வரை நீளும். பழைய பாட்டுதானே, யார் கேட்பார்கள் என்று சொல்வதற்கு முன் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கேட்பவருக்குச் சட்டம் கடுமையாக இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சமயச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவதற்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. கல்யாண வீட்டில் பாட்டுப் போட உரிமக் கட்டணம் கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பே வெளியிட்டது. மைக் செட் வைத்திருக்கும் அன்பர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஹோட்டலிலும் ஜவுளிக்கடையிலும் பாட்டுப் போடுவது வேறு. ஒரு கோப்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டதாலேயே அதைக் கடையில் ஒலிக்கவிடும் உரிமை வந்துவிடாது. மற்றவர் பாட்டைத் தெரிந்தே நகலெடுத்து விற்பவருக்கு 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

சட்டப்படி வாங்கினாலும் பணம் கம்பெனிக்குத்தானே போகிறது, கலைஞருக்கா போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சினிமாவில் மெட்டமைத்தவரும் எழுதியவரும் ஒருமுறை கைநீட்டி வாங்கிய தொகையோடு உரிமையை இழந்த காலம் நெடுநாள் நீடித்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் வருமானத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சம பங்கை, அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்றாயிற்று. இளையராஜா தன் பாட்டுகளுக்காக நீதிமன்றப் படியேறியபோது அதைப் பணத்தாசை என்று பேசியவர்கள் உண்டு. ஒரு மெட்டைப் படைத்தவனுக்கு அதன் மேல் என்ன உரிமை என்ற கேள்வியை நாடே பேசும்படி செய்தது அந்த வழக்கு. அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். கணக்கில் வரும் விற்பனையிலிருந்துதான் கலைஞருக்குப் பங்கு வரும். கணக்கிலேயே வராத நகலிலிருந்து எந்தக் காலத்திலும் ஒரு பைசா வராது.

அன்பர்களே, இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். சினிமாப் பாட்டுக்குக் கடை இருக்கிறது, சந்தா இருக்கிறது, வழக்காட ஆள் இருக்கிறது. நம் வில்லுப்பாட்டுக்கு என்ன இருக்கிறது?

சுடலைமாடன் கதையையோ முத்துப்பட்டன் கதையையோ நல்ல ஒலியில், நியாயமான விலையில், கலைஞரின் சம்மதத்தோடு வாங்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அவரை நாம் எங்கே அனுப்புவோம்? ஒரு காலத்தில் திருவிழாக் கடைகளில் கேசட்டும் சி.டி.யும் விற்றன. இன்று கூட்டத்திலிருந்து செல்போனில் எடுத்த காட்சிகள்தான் மிச்சம். குழாய் ஸ்பீக்கரின் அலறல் பதிந்திருக்கும், மணி ஒலி கரகரக்கும், குடம் கேட்காது. கீழே, கதையைத் தலைமையேற்றுப் பாடிய புலவரின் பெயர்கூட இருக்காது. அதைப் போட்டவருக்கு விளம்பர வருமானம் வரலாம். ராத்திரி முழுவதும் தொண்டை கிழியப் பாடியவருக்கு அன்று கோவிலில் கொடுத்த சம்பளத்தோடு சரி.

கதை யாருக்கும் சொந்தமில்லை, பாரம்பரியப் பாட்டுக்கு ஏது உரிமை என்று சொல்லிவிடுகிறார்கள். கதை பொதுச்சொத்து என்பது சரி. பாடியது பொதுச்சொத்து இல்லை. 1994இல் நம் சட்டம் நிகழ்த்துகலைஞர் உரிமையை ஏற்றது. அது இன்று 50 ஆண்டு நீடிக்கிறது. புலவர், குடக்காரர், உடுக்கைக்காரர், ஜால்ரா போடுபவர் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு. சொந்தமாகக் கேட்பதற்கும் ஆராய்ச்சிக்கும் பதிந்துகொள்ளலாம் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. சம்மதமில்லாமல் பதிந்து விற்கவோ ஊரறியப் பரப்பவோ சட்டத்தில் இடமில்லை. ஞானப்புகழ்ச்சி பாடுபவருக்கும், தேவாலயத்தில் கீர்த்தனை பாடும் குழுவுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

வாங்க ஆளில்லையா? கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வளைகுடாவில் எத்தனை ஆயிரம் பேர்! கொடைக்கு வர முடியாதவர் அங்கே அறையில் உட்கார்ந்து செல்போனில் தன் ஊர்க் கொடையைப் பார்க்கிறார். அவருக்குத் தன் குலதெய்வத்தின் கதையை, தன் ஊருக்குப் பழகிய புலவரின் குரலில், குடத்தின் அடி நெஞ்சில் விழும்படியான பதிவாகக் கொடுத்தால் 100 ரூபாய் தரத் தயங்குவாரா? 300 பேர் வாங்கினால் 30,000 ரூபாய். ஒரு வில்லிசைக் குழுவுக்கு அது சிறிய தொகை இல்லை.

இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. கோவில் கமிட்டியினருக்கும் மைக் செட் அன்பர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஐந்து.

முதலாவது, பதிவதற்கு முன்பே ஒரு பக்கத் தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள். யார் பதிகிறார்கள், எங்கே விற்கலாம், வருமானத்தில் குழுவினர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிந்தவருக்குப் போகும். அதனால் கலைஞரின் பங்கை முதலிலேயே எழுதிவைப்பதுதான் நியாயம்.

இரண்டாவது, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியைப் பதியாதீர்கள். மிக்ஸரிலிருந்து நேராக எடுங்கள். குடத்துக்கு அருகிலும் வில்லுக்கு அருகிலும் தனித்தனியாக மைக் வையுங்கள். உச்சத்தில் ஒலி உடையாதபடி அளவைக் குறைத்தே வையுங்கள். சாமியாட்டம் ஏறும்போது புலவரின் குரலும் உடுக்கையும் எவ்வளவு உயரும் என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், எதையும் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவுதான் ஆகும். ஒரு ராத்திரிக் கதை முழுவதும் ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும். அந்த மூலக் கோப்பின் ஒரு பிரதி புலவரின் கையில், ஒன்று கமிட்டியிடம், ஒன்று ஒரு நூலகத்திலோ கல்லூரியிலோ இருக்கட்டும்.

நான்காவது, கோப்போடு விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். கதையின் பெயர், கோவில், ஊர், தேதி, புலவர் முதல் கட்டை அடிப்பவர் வரை எல்லோருடைய பெயர். இந்தக் குறிப்பு இல்லாத பதிவு, பத்து ஆண்டில் ஊர்பேர் தெரியாத இன்னொரு கோப்பாகிவிடும்.

ஐந்தாவது, வெளியிடும்போது பூட்டுப் போடாதீர்கள், விலையைக் கூட்டாதீர்கள். ஃபிளாக்காகவும் 320 எம்பி3யாகவும் கொடுங்கள். கோவில் வாசலில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள், பணம் நேராகக் குழுவின் கணக்குக்குப் போகட்டும். விலை குறைவாகவும் வழி சுலபமாகவும் இருந்தால், வாங்குகிறவர் திருட்டு நகலைத் தேடிப் போக அவசியமே இல்லை.

கேட்பவர்களான நமக்கும் கடமை உண்டு. இந்த ஆண்டு நம் செல்போனிலும் பென் டிரைவிலும் இருக்கும் பாட்டுகளில் உண்மையிலேயே நெஞ்சுக்கு நெருக்கமானவற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிடமும் கேட்போம். நீ எங்கிருந்து வந்தாய்? விடை தெரியாதவற்றை ஒவ்வொன்றாக நல்ல மூலத்திலிருந்து வாங்கி மாற்றுவோம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டியதில்லை. மாதம் நூறு ரூபாய் ஒதுக்கினால் போதும், சில ஆண்டுகளில் ஒரு நல்ல இசைச் சேகரம் கைக்கு வந்துவிடும். அதன் ஒலி நன்றாக இருக்கும், சட்டம் குறுக்கே வராது, படைத்தவனுக்கும் பாடியவனுக்கும் அவரவர் பங்கு போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த கொடைக்காலத்துக்குள் நம் மாவட்டத்தில் ஒரே ஒரு கோவில் கமிட்டி இதைச் செய்து காட்டட்டும். ஒரு கதை, ஒரு குழு, ஓர் ஒப்பந்தம், ஒரு நல்ல பதிவு. முதல் பிரதியை விலை கொடுத்து வாங்க நான் தயாராக இருக்கிறேன். இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் அடுத்தடுத்த பிரதிகளை வாங்குவீர்கள் என்று நம்புகிறேன்.